அணுக்களின் அடுக்கை அளந்த வத்திராயிருப்பு அறிஞர்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த எழில்மிகு இடம் பிளவக்கல். இராசபாளையத்தார்க்கும் திருவில்லிபுத்தூரார்க்கும் அப்பெயர் புதியதன்று. பெரியாறு, கோவிலாறு என்னும் இரு சிற்றாறுகளின் நீரை அங்குள்ள அணைகள் தேக்கி வைத்து, வத்திராயிருப்புப் பகுதியின் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் வழங்குகின்றன. விடுமுறை நாளில் அங்குச் செல்லும் மாணவர் மலையைக் காண்பர், அணையைக் காண்பர், நீரில் விளையாடி மகிழ்ந்து திரும்புவர். ஆனால், அந்நீர் பாயும் வத்திராயிருப்பு மண்ணில் பிறந்த ஒருவர் உலக அறிவியல் அரங்கில் தலைசிறந்து விளங்கினார் என்பதை அறிந்து திரும்புவோர் மிகச் சிலரே.

பிளவக்கல் என்னும் பெயரைக் கேட்டவுடன் பிளவுபட்ட கல்லொன்று நம் மனக்கண்முன் தோன்றுகிறது. கல்லை இரண்டாகப் பிளக்கலாம், அவ்விரண்டை நான்காக்கலாம், நான்கை எட்டாக்கலாம். இவ்வாறு பிளந்துகொண்டே சென்றால் இறுதியில் எஞ்சி நிற்பது யாது? மனித இனம் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த வினா இது. இவ்வினாவிற்கு விடை தேடிய அறிஞர் வரிசையில் ஒளியுடன் நிற்பவர் வத்திராயிருப்பு தந்த டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். அப்பெருமகனாரின் வாழ்வையும் பணியையும் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணுக்கொள்கை வளர்ந்த வரலாறு

பொருள்கள் யாவும் மிக நுண்ணிய கூறுகளால் ஆனவை என்னும் எண்ணம் பழமையானது. நம் நாட்டில் வைசேடிகத் தத்துவத்தை நிறுவிய கணாதரும், கிரேக்க நாட்டில் டெமாக்கிரிட்டசும் அவ்வெண்ணத்தைத் தத்தம் வழியில் விளக்கினர். இஸ்லாமிய இறையியலில் முதகல்லிமூன்கள் எனப்பட்ட அறிஞர் பலர், மேலும் பகுக்கவியலாத நுண்கூறுகளால் உலகம் ஆகியுள்ளது என்றும், அந்நுண்கூறுகள் இறைவனின் ஆற்றலாலேயே நிலைபெறுகின்றன என்றும் கொண்டனர். அணு என்னும் சொல்லைத் தமிழ் இலக்கியமும் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. எனினும், இவையெல்லாம் சிந்தனையின் விளைவுகள். சோதனையின் முடிவுகள் அல்ல.

சோதனை வழியாகப் பொருள்களை ஆராயும் முறைக்கு அரபுலகம் ஆற்றிய தொண்டு பெரிது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஜாபிர் இப்னு ஹையான், கி.பி. 865 முதல் 925 வரை வாழ்ந்த அர்ராஸி ஆகியோரின் பெயர்கள் வேதியியல் வரலாற்றில் நிலைத்தவை. வடித்தல், படிகமாக்கல் முதலிய செய்முறைகள் அவ்வறிஞர்களின் காலத்தில் செம்மை பெற்றன. ஒளியைப் பற்றி ஆராய்ந்த இப்னுல் ஹைதம், கருத்தைச் சோதனையால் உறுதி செய்யும் நெறியை உலகிற்குக் காட்டினார்.

இங்கிலாந்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய ஜான் டால்டன் என்பவரே அணுக்கொள்கைக்கு அறிவியல் வடிவம் தந்தவர். 1803-ஆம் ஆண்டளவில் அவர் வகுத்து, 1808-இல் நூலாக வெளியிட்ட கொள்கை எளிமையானது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒருவகை அணுக்களால் ஆனது. ஒரு தனிமத்தின் அணுக்கள் பிறிதொரு தனிமத்தின் அணுக்களினின்றும் எடையில் வேறுபடும். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கூடும்போது சேர்மம் தோன்றும் என்பன அதன் சாரம். பின்வந்தோர் அணுவினுள்ளும் நுழைந்து புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் ஆகியவற்றைக் கண்டனர். ஓர் அணுவின் கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அது எந்தத் தனிமம் என்பதை முடிவு செய்கிறது. ஹைட்ரஜனுக்கு 1, கரிக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, தங்கத்திற்கு 79 எனக் கணக்கு அமைகிறது. இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118 ஆகும். அணுக்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் ஏறத்தாழ ஒரு கோடி அணுக்கள் அடங்கும் எனின் அதன் நுண்மையை நாம் உணரலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை யாப்பிலக்கணத்தால் விளக்குதல் எளிது. எழுத்து அசையாகிறது, அசை சீராகிறது, சீர் அடியாகிறது, அடி பாவாகிறது. எழுத்துகள் ஒன்றேயாயினும் அவை அடுக்கப்படும் முறையால் வெண்பாவும் பிறக்கும், ஆசிரியப்பாவும் பிறக்கும். அணுக்களின் நிலையும் அத்தகையதே. அணுக்கள் யாவை என்று அறிந்தால் மட்டும் பொருளை முற்றும் அறிந்ததாகாது. அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அவ்வடுக்கை எவ்வாறு அறிவது? இவ்வினாவே கிருஷ்ணனின் வாழ்நாள் வினா ஆயிற்று.

பிறப்பும் கல்வியும்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்த புலமை உடையவர். இலக்கியமும் சமயமும் பேசப்பட்ட அவ்வில்லத்தில் வளர்ந்த கிருஷ்ணனுக்கு இருமொழிப் பற்றும் இளமையிலேயே அமைந்தது. வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்றார். பள்ளியில் அறிவியல் பாடத்தை அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டுகளோடு கற்பித்த ஆசிரியரை அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிற்றூர்ப் பள்ளியிலும் ஒரு நல்லாசிரியர் உலக அறிஞர் ஒருவரை உருவாக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். இயற்பியலில் பட்டம் பெற்ற அவர், கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் செய்முறை விளக்குநராகப் பணியேற்றார். இயற்பியல் கற்றவர் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இந்நிகழ்ச்சி, பிற்காலத்தில் அவர் அவ்விரு துறைகளுக்கும் இடையே பாலம் அமைத்ததற்கு முன்னோடியாக அமைந்தது எனலாம். நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வர். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் எந்த ஐயத்தையும் எழுப்பலாம். அவர் பொறுமையுடன் விளக்கம் தருவார். பாடத்திட்டமும் தேர்வும் இல்லாத அவ்வகுப்பிற்குப் பிற கல்லூரி மாணவரும் தேடி வந்தனர் என்பது ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

கல்கத்தாவில் கண்ட ஒளி

அக்காலத்தில் இந்திய அறிவியலின் தலைநகராகக் கல்கத்தா விளங்கியது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், நம் தமிழகத்தவராகிய சி. வி. இராமன் ஆய்வு நிகழ்த்திக்கொண்டிருந்தார். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்ற கிருஷ்ணன், இராமனின் ஆய்வுக் குழுவில் இணைந்தார்.

நீர்மங்களின் ஊடே ஒளி செல்லும்போது எவ்வாறு சிதறுகிறது என்பதே அவர்களது ஆய்வுப் பொருள். பல நீர்மங்களை மிகவும் தூய்மைப்படுத்தி, அவற்றின் ஒளிச்சிதறலைக் கிருஷ்ணன் அளந்தார். மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையுடையன அல்ல; அவற்றின் வடிவமும் கிடக்கையும் ஒளியின் போக்கை மாற்றுகின்றன என்பதைப் பற்றி இராமனும் அவரும் இணைந்து பல ஆய்வுக் கட்டுரைகளை எழுதினர்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் தொடக்கத்தில் கிருஷ்ணன் மீண்டும் சோதனைகளில் முழுமையாக ஈடுபட்டார். அந்நாள்களின் நிகழ்ச்சிகளை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நீர்மத்தின் மீது ஒரு நிற ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் அந்நிறத்தோடு வேறு நிறமும் மெல்லியதாகக் கலந்து வருவதை இராமனும் அவரும் உறுதி செய்தனர். ஏறத்தாழ 60 நீர்மங்களில் அவ்விளைவு ஆராயப்பட்டது. பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைக் கருவியின் வழியே அது தெளிவாகக் காணப்பட்டது. இருவர் பெயராலும் எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்பு, இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் 1928 மார்ச்சு 31-ஆம் நாள் வெளியாயிற்று. இராமன் விளைவு என்று உலகம் போற்றும் கண்டுபிடிப்பு இதுவே.

இவ்விளைவிற்கும் அணுக்களுக்கும் உள்ள தொடர்பு யாதெனில், மூலக்கூறினுள் அணுக்கள் அசைவின்றி நிற்பதில்லை. கட்டுண்ட நிலையிலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. மூலக்கூறின் மேல் படும் ஒளி அவ்வதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. அல்லது அதனிடமிருந்து சிறிது பெறுகிறது. அதனால் ஒளியின் நிறம் மாறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய கோடுகளை நிறமாலையில் பதிக்கிறது. மனிதனைக் கைரேகை காட்டிக்கொடுப்பது போல, பொருளை அக்கோடுகள் காட்டிக்கொடுக்கின்றன. மருந்துகளை ஆய்வோரும், கற்களையும் கனிமங்களையும் ஆய்வோரும் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

பெயரும் பெருந்தன்மையும்

1930-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. அவ்விளைவும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1987-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 28-ஆம் நாளை நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம். அந்நாளில் நம் கல்லூரிகளில் இராமனின் படத்திற்கு மாலை சூட்டப்படுகிறது. கிருஷ்ணனின் பெயர் பல மேடைகளில் ஒலிப்பதில்லை.

இங்கு நாம் நடுவுநிலையோடு எண்ணுதல் வேண்டும். அந்த ஆய்வைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் இராமனே. அதன் திசையை வகுத்தவரும் அவரே. அவருடைய பெருமையில் ஒரு துளியும் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால், அக்கண்டுபிடிப்பை அறிவித்த ஆய்வுக் குறிப்பில் இருவர் பெயர் உள்ளது என்பதும், கருவியின் முன் அமர்ந்து நாள்தோறும் உற்றுநோக்கிய விழிகளுள் கிருஷ்ணனின் விழிகளும் இருந்தன என்பதும் வரலாறு. ஒருவரைப் போற்றுவதற்கு மற்றவரை மறத்தல் வேண்டுவதில்லை.

இந்நிலையில் பிறரெனின் மனம் கசந்திருப்பர். எஞ்சிய வாழ்நாளைத் தம் பங்கை நிலைநாட்டும் வழக்காடலில் கழித்திருப்பர். கிருஷ்ணனோ 1928-ஆம் ஆண்டின் இறுதியிலேயே கல்கத்தாவை விட்டு டாக்கா சென்றார். ஒளிச்சிதறல் துறையின் புகழை நம்பி அங்கேயே நின்றுவிடாமல், முற்றிலும் புதிய துறையொன்றில் அடியெடுத்து வைத்தார். தம் பெயரை நிலைநாட்ட அவர் மேற்கொண்ட வழி உழைப்பு ஒன்றே. அவ்வழி வீண்போகவில்லை.

டாக்காவில் புதிய ஆய்வு

இன்று வங்காளதேசத்தின் தலைநகராக விளங்கும் டாக்காவின் பல்கலைக்கழகம் தோன்றிய வரலாற்றை நம் சமுதாயப் பெரியோர் அறிதல் நலம். 1911-இல் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டபோது, கிழக்கு வங்காள முஸ்லிம்களின் கல்வி பின்தங்கிவிடும் என்று கவலை கொண்ட நவாப் சலீமுல்லா முதலிய தலைவர்கள் அப்பகுதிக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென வலியுறுத்தினர். அதன் பயனாக 1921-இல் டாக்காப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. அதை வேண்டிப் பெற்றவர்கள் ஒரு சமுதாயத்தினராயினும், அங்குப் பணியாற்ற வந்தவர்கள் பல சமுதாயத்தினர். சத்தியேந்திரநாத் போஸ், ஐன்ஸ்டீன் போற்றிய தம் ஆய்வை 1924-இல் எழுதியது அங்கிருந்தபோதுதான். அதே இயற்பியல் துறைக்கு ரீடர் பதவியேற்று வந்தவர் நம் வத்திராயிருப்புக் கிருஷ்ணன். புதிதாகப் பிறந்த ஒரு பல்கலைக்கழகம் பத்தாண்டுகளுக்குள் உலகத்தரமான இரண்டு பெருஞ்சாதனைகளுக்கு இடமளித்தது. தகுதி ஒன்றையே நோக்கி அறிஞரை வரவேற்று, அவர்க்கு ஆய்வு செய்ய இடமும் அமைதியும் தந்தால் எவ்வளவு விரைவில் பயன் விளையும் என்பதற்கு டாக்கா ஒரு பாடமாகும்.

அங்குக் கிருஷ்ணன் மேற்கொண்டது படிகங்களின் காந்தப் பண்பு பற்றிய ஆய்வு. உப்பு, கற்கண்டு, அந்துருண்டையாக நாம் பயன்படுத்தும் நாஃப்தலீன் ஆகிய யாவும் படிகங்களே. படிகத்தில் அணுக்களும் மூலக்கூறுகளும் தொழுகை வரிசை போல ஒழுங்குற அணிவகுத்து நிற்கின்றன. அவ்வொழுங்கு எத்திசையில் எவ்வாறு உள்ளது என்பதைக் காந்தத்தைக் கொண்டு கண்டறியலாம் என்பது அவர் கண்ட வழி.

அச்சோதனை கேட்போர் வியக்கும் எளிமை உடையது. சிறு படிகம் ஒன்றை மிக மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவர். படிகம் தனக்கு ஏற்ற திசையில் திரும்பி நிற்கும். பின்னர் இழையின் மேல் நுனியை மெல்ல மெல்ல முறுக்குவர். படிகம் தன் நிலையினின்று பெயராமல் காந்தத்தின் பிடியில் நின்று எதிர்க்கும். முறுக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தை எட்டியதும் பிடி நழுவிச் சட்டென்று சுழன்றுவிடும். அக்கோணத்தை அளந்தால், படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். அதிலிருந்து மூலக்கூறுகள் படிகத்தினுள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்று கூறிவிடலாம். ஓர் இழை, ஒரு படிகம், ஒரு காந்தம், ஓர் அளவுகோல், எல்லையற்ற பொறுமை ஆகியவையே அவருடைய மூலதனம்.

உடன் ஆய்வு செய்தோருடன் அவர் பெற்ற முடிவுகளை இலண்டன் இராயல் கழகம் 1933-ஆம் ஆண்டு முதல் தன் ஆய்விதழில் வெளியிட்டது. நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற சேர்மங்களில் கரி அணுக்கள் தட்டையான வளையங்களாக இணைந்துள்ளன. அவ்வளையங்கள் படிகத்தில் எவ்வாறு சாய்ந்து நிற்கின்றன என்பதைக் காந்தத்தால் அறிய முடிந்தது. எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்து, பென்சீன் வளையம் தட்டையானது என்று காட்டிய ஆங்கிலப் பெண் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேல், 1936-இல் கிருஷ்ணனுடன் இணைந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எக்ஸ் கதிர் ஒருபுறமும் காந்தம் மறுபுறமுமாக இரு வழிகள் ஒரே உண்மையில் வந்து கூடின.

கரியும் வைரமும்

1933-ஆம் ஆண்டு கிருஷ்ணன் மீண்டும் கல்கத்தா வந்து, அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கு அவர் நிகழ்த்திய ஆய்வுகளுள் கிராஃபைட்டு பற்றியது நம் கருத்திற்கு மிகவும் பொருந்துவது.

நாம் எழுதும் பென்சிலின் கரிக்கூர் கிராஃபைட்டால் ஆனது. அரசர் முடியில் மின்னும் வைரமும் கரியே. இரண்டிலும் உள்ளவை 6 புரோட்டான்களைக் கொண்ட அதே கரி அணுக்கள். எனினும், ஒன்று கறுப்பு, மற்றொன்று ஒளிர்வது. ஒன்று தாளில் தேய்ந்து போவது. மற்றொன்று கண்ணாடியை அறுப்பது. ஒன்று மின்சாரத்தைக் கடத்துவது, மற்றொன்று கடத்தாதது. இவ்வளவு வேற்றுமைக்கும் காரணம் அடுக்கு முறையே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு திசையிலும் நான்கு அணுக்களுடன் இறுகப் பிணைந்துள்ளது. கிராஃபைட்டில் அணுக்கள் அறுகோண வலைகளாய்த் தாள்தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தாளுக்குள் பிணைப்பு வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடையே தளர்ந்தது.

கிராஃபைட்டின் காந்தப் பண்பு திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுவதைக் கிருஷ்ணன் ஆராய்ந்தார். எலக்ட்ரான்களுள் ஒரு பகுதி அத்தாள்களின் பரப்பில் தடையின்றி இயங்குகின்றன. ஒரு தாளிலிருந்து மறுதாளுக்குத் தாவுதல் அரிது என்பதை அவருடைய ஆய்வு தெளிவாக்கியது. உடன் ஆய்வாளருடன் அவர் எழுதிய அக்கட்டுரை 1941-இல் வெளியாயிற்று. கிராஃபைட்டிலிருந்து ஒரே ஓர் அணுத்தாளாகிய கிராஃபீனைப் பிரித்தெடுத்து ஆய்ந்தவர்களுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தாள்களில் எலக்ட்ரான் நடமாடும் பாங்கை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே அளவுகளால் ஆராய்ந்தவர் நம் மண்ணின் மைந்தர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நிமிர்கிறது.

1937-இல் அணுக்கருவைக் கண்ட ரூதர்ஃபோர்டின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று உரையாற்றினார். 1940-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லையே என்று ஏங்கி நில்லாமல் நடந்தவரைப் பெருமை தானே தேடி வந்தது.

அலகாபாத்தும் தில்லியும்

1942-இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். உலோகங்களின் உள்ளே மின்சாரம் செல்வதற்கு அணுக்களின் அடுக்கு எவ்வாறு உதவுகிறது, எவ்வாறு தடையாகிறது என்பதைப் பற்றி அங்கு ஆராய்ந்தார். ஆங்கில அரசு 1946-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

நாடு விடுதலை பெறும் வேளையில், தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 1947 சனவரி 4-ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1950 சனவரி 21-ஆம் நாள் சர்தார் படேல் அதனைத் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றுத் தம் இறுதிக்காலம் வரை வழிநடத்தினார். நாட்டின் எடைக்கும் நீளத்திற்கும் நேரத்திற்கும் அடிப்படை அளவைகளைக் காத்துவரும் இடம் அது. தேர்தல் நாளில் வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மையும் அவ்வாய்வகத்தில் உருவானதே. நிருவாகப் பொறுப்புகள் பெருகிய பின்னரும் ஆய்வை அவர் கைவிடவில்லை. வெப்பமேற்றிய பொருள்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படும் முறையை அளக்கும் புதிய வழியை அங்கேயே வகுத்தார்.

1948-இல் இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் உறுப்பினர் மூவர். தலைவர் ஹோமி பாபா. மற்ற இருவர் சாந்தி சுவரூப் பட்நாகரும் கிருஷ்ணனும் ஆவர். 1954-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958-இல் பட்நாகர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் அவரே. 1961-ஆம் ஆண்டு சூன் திங்களில் தில்லியில் மறைந்தார். அவர் உருவாக்கிய ஆய்வகம் நிற்கும் தலைநகரச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தமிழும் அறிவியலும்

கிருஷ்ணன் அறிவியலுக்காக இலக்கியத்தைத் துறந்தவரல்லர். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் தத்துவத்திலும் அவருக்கிருந்த ஈடுபாடு இறுதிவரை குன்றவில்லை. பெரும் அறிவியலாளர் என்பதினும் நிறைவான மனிதர் என்றே நேரு அவரை மதித்தார். அணுக்களின் ஒழுங்கைத் தேடிய உள்ளம் தன் வாழ்விலும் ஒழுங்கைப் பேணியது.

தமிழ்த்துறை மலரில் இயற்பியல் அறிஞரின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் வினவலாம். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்குள் நுழையும் மாணவர் பலர், அறிவியல் என்பது வேறு யாருக்கோ உரியது, வேறு எந்த மொழிக்கோ உரியது என்று அஞ்சி ஒதுங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வச்சம் நீங்க வேண்டும். தனித்து நிற்பதால் தனிமம். சேர்ந்து ஆவதால் சேர்மம். இச்சொற்கள் பொருளைத் தம்முள்ளேயே தாங்கி நிற்கின்றன. சொல்லைக் கேட்டவுடன் கருத்து விளங்கும் மொழியில் கற்பவர்க்கு அறிவியல் அயலாவதில்லை. ஆங்கிலம் வேண்டும், அதனை அறிஞர் பயன்படுத்தியவாறே நாமும் பயன்படுத்துவோம். ஆயினும், சிந்தனையின் வேர் தாய்மொழி நிலத்தில் ஊன்றியிருத்தல் நன்று. தமிழும் வடமொழியும் ஒலித்த வேளாண் இல்லத்தில் ஊன்றிய வேரே வத்திராயிருப்பிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை கிளை பரப்பியது.

நிறைவுரை

படைப்பினங்களைக் கூர்ந்து நோக்கிச் சிந்திக்குமாறு நம் மார்க்கம் தூண்டுகிறது. மலையை நோக்குதல் சிந்தனையெனின், அம்மலையின் ஒரு சிறு கல்லில் கோடானுகோடி அணுக்கள் வரிசை தவறாமல் நிற்கும் ஒழுங்கை நோக்குதலும் சிந்தனையே. அவ்வொழுங்கை அறியுந்தோறும் அதனை வகுத்தோனின் வல்லமை நமக்குப் புலனாகிறது.

கிருஷ்ணனின் வாழ்விலிருந்து மாணவர் கொள்ளத்தக்கவை பல. சிற்றூர்ப் பிறப்பு தடையன்று. எளிய கருவி குறையன்று. புகழ் பிறர்க்குச் செல்லினும் உழைப்பை நிறுத்துதல் அறமன்று. ஒரே கரி அணு ஓரிடத்தில் பென்சிலாகவும் ஓரிடத்தில் வைரமாகவும் அமைவது அடுக்கின் வேறுபாட்டால் என்று கண்டோம். மாணவரும் அத்தகையரே. அவர்தம் ஆற்றலில் குறைவில்லை; அவர்களை ஒழுங்குபடுத்தும் ஆசிரியரும், இடமளிக்கும் நிறுவனமும், ஊக்கமளிக்கும் பெரியோரும் அமைந்தால் ஒவ்வொருவரும் ஒளிர்வர். அத்தகைய ஆசிரியர் ஒருவர் திருவில்லிபுத்தூர்ப் பகுதிப் பள்ளியில் இருந்தார். அத்தகைய நிறுவனம் டாக்காவில் இருந்தது. அவ்விரண்டையும் இக்காலத்து மாணவர்க்கு நல்குதல் நம் அனைவரின் கடமையாகும்.

அடுத்த முறை தேசிய அறிவியல் நாளைக் கொண்டாடும்போது இராமனின் பெயரோடு கிருஷ்ணனின் பெயரையும் நம் மேடைகள் கூறட்டும். பிளவக்கல்லுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் வழியிலுள்ள வத்திராயிருப்பின் பெருமையையும் அறிந்து திரும்பட்டும். அவர்களுள் ஒருவரேனும் கையில் எடுத்த கல்லை உற்றுநோக்கி, இதனுள் யாது உள்ளது என்று வினவத் தொடங்கின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே!